வேப்பிலை கட்டிய தோட்டம்

ரோஜாவைக் காலையில் பார்க்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அது வெறும் பூ.

இதைக் கற்றுக்கொள்ள எனக்குச் சில விடுமுறைகள் ஆயின. கிறிஸ்துமஸுக்குக் கோர்ட்டை மூடுவார்கள். துரைமார் தங்கள் சாமியைக் கும்பிடப் போவார்கள். நகல் குமாஸ்தாவான நான் ராஜபாளையத்துக்கு ரோஜா பார்க்கப் போவேன். பக்தியில் அவர்களுக்கு நான் குறைந்தவன் இல்லை.

நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் அழைத்திருக்கிறீர்கள். வண்டிக்கார சேக் முகைதீன் தோட்டத்து வாசலில் கட்டியிருந்த வேப்பிலையை அவிழ்த்தாரா என்பது கேள்வி. அவிழ்த்தார். பார்த்தேன். அதோடு நான் வீட்டுக்குப் போகலாம். ஆனால் பாதி நகல் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை.

தோட்டம் சஞ்சீவி மலை அடிவாரத்தில் இருக்கிறது. தூத்துக்குடியில் இருக்கும் ஒரு பஞ்சு வியாபாரி வைத்தது. பூப் பார்க்க வருகிற யாரையும் தடுக்கக் கூடாது என்று, அங்கேயே குடிசையில் குடும்பத்தோடு இருக்கும் காவல்காரன் உக்கிரபாண்டிக்கு உத்தரவு. தர்மசிந்தனை உள்ளவர்கள் எப்போதும் தூரத்தில் இருக்கிறார்கள். அதை அனுபவிப்பவர்கள்தான் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போவதற்கு சேக் முகைதீனின் கூண்டு வண்டி உண்டு. மடவார் வளாகத்தில் நிற்கும். நிறைந்தால்தான் புறப்படும். நிறைந்தது என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது.

"குமாஸ்தா ஐயா, செத்த நகந்து உக்காருங்க. செல்லத்தாய் காலு வெளிய தொங்குதுல்லா."

"எங்கே நகர? என் மடியில் வைக்கச் சொல்கிறீரா?"

"மடி சும்மாத்தான கெடக்கு," என்றாள் பணியாரம் விற்கும் செல்லத்தாய். வண்டியே சிரித்தது. மாடுகள் மட்டும் சிரிக்கவில்லை. அவற்றின் மேல் எனக்கு அன்றிலிருந்து மரியாதை.

ஒருநாள் வழிப்பேச்சில் நான் தோட்டத்தைப் புகழ்ந்துவிட்டேன். என் குற்றங்களில் அதுதான் முதலாவது. அடுத்த விடுமுறைக்கு வண்டி முழுவதும் என்னோடு தோட்டத்து வாசலில் இறங்கியது. செடிக்கடியில் கட்டுச்சோற்றை அவிழ்த்தார்கள். எச்சில் இலையை அங்கேயே போட்டார்கள். பிள்ளைகள் மொட்டைக் கிள்ளினார்கள். "எம்புட்டுப் பூ! ஒண்ணாவது கூட்டு வைக்க ஆகுமா?" என்றாள் செல்லத்தாய்.

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். தலைக்குத் தண்ணீர் விட்டு அதை அவிழ்க்கும்வரை அந்நியர் படி ஏறமாட்டார்கள். போலீஸ் நின்றால்கூட ஜனங்கள் நுழைந்துவிடுவார்கள். ஒரு கொத்து இலையை மீறமாட்டார்கள். எனவே போன வருடத்துக்கு முந்தின வருடம், விடுமுறையில் முதல் ஆளாக நடந்துபோய்த் தோட்டத்து வாசலில் வேப்பிலை கட்டினேன். வண்டி வந்தது. நின்றது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பியது. அன்று காலை முழுவதும் நானும் ரோஜாவும் மட்டும் இருந்தோம். என் வாழ்க்கையில் அதைச் சந்தோஷம் என்று சொல்வேன்.

மத்தியானம் உக்கிரபாண்டி கண்டுபிடித்துவிட்டான்.

"ஐயா, எம் புள்ள நல்லா ஓடித் திரியுது. இல்லாத அம்மைய இருக்குன்னு கட்டலாமா? படிச்சவிய பொய் சொல்லலாமா?"

அவன் சேக் முகைதீனிடம் சொன்னான். அவர் வண்டியில் சொன்னார். வருடம் முழுவதும் கேலி. "இன்னைக்கு எந்த வாசல்ல கட்டப் போறிய ஐயா?" மூலத்தில் ஒரு புள்ளி இருந்தால் நகலிலும் ஒரு புள்ளி வைப்பவன் நான். என்னைப் பொய்யன் என்றார்கள். யோசித்துப் பார்த்தேன். உக்கிரபாண்டி சொன்னது நியாயம். அவன் வேப்பிலையை ஆட்சேபிக்கவில்லை, பொய்யைத்தான் ஆட்சேபித்தான்.

போன கார்த்திகையில் மம்சாபுரத்தில் பால்சாமி என்ற பண்ணையாள் அம்மையில் இறந்தான். அவன் படுத்திருந்த கம்பளியை எரிக்க வேண்டும். தொட எல்லோருக்கும் பயம். எனக்குச் சின்ன வயதிலேயே வார்த்துவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒருமுறை கண்டவனுக்கு மறுமுறை வராது என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். எரித்துவிடுகிறேன் என்றேன். அது பொய்தான். சேர்த்துக்கொள்ளுங்கள்.

கம்பளி நல்ல கம்பளி. துவைத்தால் நிறம் போய்விடும் என்று துவைக்கவில்லை. தகரப் பெட்டியில் பூட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். கூட வருகிறவர்கள் மேல் பட்டுவிடக் கூடாது அல்லவா? பொது வண்டியில் ஏறினால் பிறரை நினைக்க வேண்டும்.

உக்கிரபாண்டியின் மகள் பெத்தம்மாள் சின்னப் பெண். என்னை ரோசா மாமா என்பாள். போனதும் செம்பில் தண்ணீர் கொண்டுவருவாள். அந்தத் தோட்டத்தில் பூவைப் பறிக்காத ஒரே பிள்ளை அவள். உதிர்ந்த இதழைத்தான் பொறுக்குவாள். கம்பளியை அவளுக்குப் போர்த்திவிட்டேன். குளிருக்கு ஆகும் என்றேன். அவள் தாய் அழகுத்தாய், "ஐயாவைக் கும்பிட்டுக்கோ ஏட்டி" என்றாள். கும்பிட்டாள்.

மார்கழியில் கோர்ட்டை மூடினார்கள். வண்டியில் போனேன். தோட்டத்து வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது.

சேக் முகைதீன் சிரித்தார். "என்னய்யா, முந்தியே வந்து கட்டிட்டுப் போயிட்டியளா?"

"இது நான் கட்டியதில்லை."

"போன தடவையும் மாடா வந்து கட்டுச்சு?" என்றாள் செல்லத்தாய்.

சேக் முகைதீன் அதை அவிழ்த்து மாட்டுக்கு முன்னால் போட்டார். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. உண்மையை ஒருமுறை சொன்னால் போதும். பொய்யைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லோரும் உள்ளே போனார்கள். உக்கிரபாண்டி கோயிலுக்குப் போயிருந்தான். அழகுத்தாய் கிணற்றடியில் இருந்தாள். சேக் முகைதீனின் மகள் நூர்னிசா புதிதாகக் கல்யாணமானவள். ரோஜா பார்க்க அன்றுதான் முதல் தடவை வந்திருந்தாள். காவல்குடிசைக்குள் பிள்ளை முனகுவதைக் கேட்டு உள்ளே போய், இருட்டில் தடவித் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் புகட்டினாள். செல்லத்தாய் பின்னால் போய்த் தாங்கிப் பிடித்தாள். கிணற்றடியிலிருந்து அழகுத்தாய் ஓடிவந்து போட்ட கூச்சலில்தான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது. நான் அப்போது ஒரு மஞ்சள் ரோஜாவுக்கு எதிரே இருந்தேன். அந்த நிறம் அங்கே அபூர்வம்.

செல்லத்தாய் தை மாதம் போனாள். நூர்னிசாவுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டன. வேப்பிலையை அவிழ்த்து ஊருக்கு நோய் பரப்பினார் என்று அவள் அப்பன் மேல் வழக்கு. அவர் மறுக்கவும் இல்லை. "எம் புள்ளைய நானே கூட்டிட்டுப் போனேனே" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு பேச்சு இல்லை. வண்டிக்காரர்களுக்கு வழக்கு நடத்தத் தெரிவதில்லை.

அந்த வண்டி திரும்பிப்போன பிறகு யாரும் வரவில்லை. நான் பக்கத்துச் சத்திரத்தில் தங்கி தினமும் காலையில் தோட்டத்துக்குப் போனேன். அமைதியாக இருந்தது. குடிசையிலிருந்து கொஞ்சம் சத்தம் வரும். போகப் போக அதுவும் குறைந்தது. விடுமுறை முடியுமுன் ஒருநாள் விடியலில் உக்கிரபாண்டி செடிகளுக்கு நடுவே என்னிடம் வந்தான்.

"புள்ள போயிட்டுய்யா."

நான் எழுந்து நின்றேன். எனக்கு மரியாதை தெரியும்.

"அந்தக் கம்பளிய கடைசி வரைக்கும் விடல. கையப் பிரிக்க முடியல. உங்க பொருளு. அதோடயே பொதைச்சிரட்டுமா?"

தாராளமாக என்றேன். அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்புட்டுப் பேரும் பயந்து ஓடினபோது நீங்க ஒருத்தர்தான்யா தினம் வந்திய என்றான்.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். பெத்தம்மாளுக்கு அம்மை வந்தது என் கம்பளியால். வரவேண்டும் என்றுதான் கொடுத்தேன். சாக வேண்டும் என்று கொடுக்கவில்லை. வாசலில் பொய்யில்லாமல் இலை தொங்க ஒரு நோய் வந்தாலே எனக்குப் போதும். செல்லத்தாயும் நூர்னிசாவும் சேக் முகைதீன் கணக்கா என் கணக்கா என்பதைச் சட்டம் தெரிந்த நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் வெறும் குமாஸ்தா.

ஒரே ஒரு வேண்டுகோள். உக்கிரபாண்டியைக் கூப்பிட்டு இந்த வாக்குமூலத்தைப் படித்துக் காட்ட வேண்டாம். அவன் இன்னமும் என்னை நன்றியோடு நினைத்துக்கொண்டிருக்கிறான். கேட்டால் மனம் நோவான். யார் மனத்தையும் நோகடித்து எனக்குப் பழக்கமில்லை.