தாலி கட்டும் இடத்தில் ஒரு தாமரை

பத்மநாதன்: ...உதில வீடியோவை நிப்பாட்டும் யோகராஜா. அந்த மொட்டைத் தலையை வெட்டும்.

யோகராஜா: தலையை மட்டுமோ அண்ணை?

பத்மநாதன்: பகிடி விடாதையும். ஆளையே வெட்டும். தோர்ண்டன் ஹீத்தில இருந்து உம்மட ஸ்ரூடியோவுக்கு இதுக்கெண்டே வந்தனான். ஞாயிற்றுக்கிழமை விம்பிள்டனில, மச்சான் வீட்டில, சொந்தக்காரர் எல்லாரும் இருந்து இந்தக் கலியாண வீடியோவைப் பாக்கப்போகினம்.

யோகராஜா: ஏலாது. அவர் நிக்கிறது தாலி கட்டுற இடம். அவரை வெட்டினால் தாலியும் போகும். பிறகு மாப்பிள்ளை தாலியே கட்டேல்லை எண்டு கதை வரும்.

பத்மநாதன்: பொம்பிளை மாப்பிள்ளையைச் சுத்திப் பூவெல்லாம் பறக்கவிடுறீர்தானே? அதில ஒரு தாமரையை எடுத்து அந்தாளுக்கு மேல வையும்.

யோகராஜா: கெட்டிமேளத்துக்குத் தாமரை... வைக்கலாம். சின்னது காணுமோ?

பத்மநாதன்: இந்தத் தலைக்கோ? பெரிசாய் வையும்.

யோகராஜா: அந்தாள் அப்பிடி என்ன செய்தவர்?

பத்மநாதன்: பாருமன். எல்லாரும் அறுகரிசி போட்டு வாழ்த்துகினம். அந்தப் பெரிய கோட்டுக்காரன் சிரிச்சபடி கையை நீட்டிக்கொண்டு வாறான். இவர் கண்டிட்டு முதுகைக் காட்டுறார்.

யோகராஜா: காணாமல் திரும்பியிருப்பார்.

பத்மநாதன்: கண்டவர். கையில இருந்த அரிசியைக் கீழ கொட்டிப்போட்டெல்லோ திரும்புறார்.

யோகராஜா: அந்த அரிசியை நான்கூடக் கவனிக்கேல்லை... கோட்டு இரவல் போலக் கிடக்கு. ஆள் புதுசா வந்தவரோ?

பத்மநாதன்: இருக்க இடம் கேப்பான் எண்டு இவர் பயந்திருப்பார். வீட்டில இதை முதல்தரம் போட்டுப் பாக்கேக்கை நானே கத்திப்போட்டன், "ஆரிது, ஈரமில்லாத பிறவி" எண்டு. பக்கத்தில இருந்த என்ர மனிசி எழும்பிக் குசினிக்குப் போட்டா.

யோகராஜா: ஏன்?

பத்மநாதன்: தேத்தண்ணி போட.

யோகராஜா: கொண்டுவந்தவவோ?

பத்மநாதன்: ...இல்லை.

யோகராஜா: ம்... தன்ர பிடரியைக் கண்டவன் ஆர் அண்ணை? கண்ணாடியும் முகத்துக்குத்தான் நயம் பேசும். இந்தக் கமெராதான் மரியாதை தெரியாமல் பின்னால போய் நிக்குது.

பத்மநாதன்: கதையை விட்டிட்டுப் பூவை வையும்.

யோகராஜா: புதுக் கொப்பியில அப்பவே வைச்சாச்சு. நீங்கள் பாக்கிறது பழைய கொப்பி.

பத்மநாதன்: ஆர் சொல்லி?

யோகராஜா: இண்டைக்குக் காலமை அந்தக் கோட்டுக்காரர் இங்க வந்தவர். மொட்டைத் தலையை மறைச்சு விடுங்கோ, சனம் பாத்தால் அந்தாளுக்கு வெக்கம் எண்டார்.

பத்மநாதன்: ...அந்தாள் ஆரெண்டு சொன்னவனோ?

யோகராஜா: கேட்டன். தெரியாத ஆளாம்.

பத்மநாதன்: தெரியாத ஆள் எண்டோ சொன்னவன்?

யோகராஜா: ஓம். உங்களை மாதிரித்தான்.

பத்மநாதன்: பூவை எடும்.

யோகராஜா: எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கேப்பினமே, ஆரிது எண்டு.

பத்மநாதன்: கேக்கட்டும். நான்தான் எண்டு சொல்லுறன்... அவன் இப்ப எங்க இருக்கிறான் எண்டு உமக்குச் சொன்னவனோ, என்ர தம்பி?