அத்தை உட்கார்ந்த நாற்காலி

வெல்வெட் துணியைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை, சார். எனக்கே மதிப்பீட்டாளர் சொல்லித்தான் தெரியும்.

அந்த நாற்காலி அத்தைக்கு அவள் அப்பா விட்டுப்போனது. தனக்குப் பின் எனக்கு என்று எழுதி வைத்திருந்தாள். அவளுக்கும் வேறு யாரும் இல்லை, எனக்கும் இல்லை. என்ன விலை பெறும் என்று தெரிந்துகொள்ளத்தான், பழைய சாமான்களை மதிப்பிடுகிறவரைக் கூப்பிட்டேன். அத்தைக்குக் கால் விளங்காது, இரவும் பகலும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"என்னையும் சேத்தே மதிப்பு போடுங்க" என்றாள்.

"அந்த அளவுக்கு நான் படிக்கலம்மா" என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

இருக்கைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்து, உள்ளே திணித்திருப்பது குதிரைமுடி என்றார். மேலே இருக்கும் வெல்வெட் துணி நூறு வருஷத்துக்கு முந்தையதாம். மாற்றினால் மதிப்பே போய்விடுமாம். வாசலில் என்னிடம் தனியாகச் சொன்னார்: "ஈரம் மட்டும் படவே கூடாது. உள்ள ஊறிச்சுன்னா அவ்வளவுதான்."

அப்போதே ஊற ஆரம்பித்திருந்தது. அத்தையால் அடக்க முடியாது. காலையில் அறைக்கதவைத் திறந்தால் அந்த வாடை என் நாக்கில் வந்து உட்காரும். துணியில் ஒரு மஞ்சள் வளையம், அதற்குள் இன்னொன்று. கைப்பிடியில் காய்ந்த எச்சில். அவளை இரண்டு விரலால்தான் தொடுவேன். பிறகு அந்த விரல்களால் சாப்பிட முடியாது.

நான் அடித்ததில்லை, திட்டியதில்லை. உள்ளே போனால்தானே வெளியே வரும்? தண்ணீரைக் குறைத்தேன். ஒரு டம்ளர், பிறகு அரை, பிறகு பஞ்சில் நனைத்து உதட்டில்.

"தொண்ட காயுதுடா கண்ணு" என்றாள்.

நாற்காலிக்காகத்தான் என்று பொறுமையாக விளக்கினேன்.

"சரி, உனக்குத்தானே அது" என்றாள்.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அவளுக்குக் கேட்குமே, பாவம் என்று அதில் துணியைச் சுற்றிக் கட்டினேன். மூன்றாம் நாள் அவள் நாக்கு பழைய செருப்புத் தோல் மாதிரி இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஐந்தாம் நாள் கேட்பதை நிறுத்தினாள். ஆறாம் நாள் மூச்சையும்.

கட்டிலுக்கு மாற்றியிருக்கலாமே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. கட்டிலும் நனையும், சார். துவைப்பது யார்?

அடக்கம் முடிந்ததும் மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார். இருக்கையில் உள்ளங்கையை அழுத்தி, மோந்து பார்த்தார்.

"கறை இருக்கு. ஆனா சுத்தமா காஞ்சிருக்கு. நல்லா பாத்துக்கிட்டீங்க" என்றார்.

ஆறு வருஷம் அத்தையை வைத்துப் பார்த்தேன், சார். ஒருவர்கூட என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.