நாலு பத்து பாசஞ்சர்

ஷார்ஜா காவல் நிலையத்தில் 13.03.2008 வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, விசாரணை அதிகாரி முன்னிலையில், மொழிபெயர்ப்பாளர் செய்கு முகம்மது கேட்டு எழுத, நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம் இது. முதல் வாக்குமூலம் இம்மாதம் எட்டாம் தேதி கொடுத்தேன். அதில் ஒரு பொய் இருக்கிறது.

என் பெயர் மாயாண்டி. தகப்பனார் பெயர் ஐயப்பன். வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் சிவகங்கை மாவட்டம் மானாமதுரை. ஷார்ஜாவில் ஒரு தச்சுப் பட்டறையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன், பட்டறை கேம்பில் ஆறு பேரோடு ஒரே ரூமில் தங்கியிருக்கிறேன். இங்கே வருவதற்கு முன் ஊரில் ஏழு வருடம் ரயில்வே ஸ்டேஷனில் தினக்கூலி போர்ட்டராக இருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் கொடுக்கிற டோக்கனை ஓடுகிற வண்டியின் டிரைவர் கைக்கு நீட்டுவது என் வேலை; அந்த டோக்கன் குண்டு கையில் உள்ள வண்டி மட்டும்தான் ஒற்றைப் பாதையில் போகலாம். நிரந்தரம் ஆக்குவார்கள் என்று காத்திருந்தேன், ஆக்கவில்லை.

இறந்துபோன அகமது கபீர் பாய்க்கு வயது ஐம்பத்தெட்டு, ஊர் கீழக்கரை. இங்கே ரோலா கடைவீதியில் மின்சாமான் கடை வைத்திருந்தார். 2003-ல் அவர் வில்லாவில் சமையலறை அலமாரி செய்யப் போனேன். அப்போது பேஸ்மெண்டில் பலகை மேல் பாதி தண்டவாளம் போட்டுக் கிடந்ததைப் பார்த்தேன். பொம்மை ரயிலா பாய் என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது, அது பொம்மை இல்லை, மாடல் என்றார். கீழக்கரையில் ரயிலே கிடையாது, இல்லாத ஊர்க்காரருக்குத்தான் இந்த ஆசை வரும் என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் லீவு நாளில் நான் அங்கே போக ஆரம்பித்தேன். கூலி பேசவில்லை. மேஜை, மலை, பாலம், சுரங்கம் எல்லாம் நான் மரத்தில் செய்தேன், வயரிங் அவர் செய்தார். சாப்பாடு ஜுபைதா அக்கா போட்டார்கள். ஜுபைதா அக்கா கபீர் பாயின் மனைவி.

பேஸ்மெண்டில் இரண்டு அறைகள். படி இறங்கியதும் உள்ள அறையில் மானாமதுரை ஸ்டேஷன், அது என் பொறுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள அறையில் ராமநாதபுரம் ஸ்டேஷன், அது அவருடையது. நடுவில் சுவரைத் துளைத்து ஒற்றைத் தண்டவாளம். ஓட ஆரம்பித்துவிட்டால் இருவரும் வாயால் பேசக் கூடாது, மணியும் போனும் மட்டுமே என்பது அவர் சட்டம். டைம்டேபிள் ஒன்றை அச்சடித்து மாட்டியிருந்தார். வண்டி ஒரு நிமிடம் தாமதமாகக் கிளம்பினாலும் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதுவார். ஐந்து வருடத்தில் என் பெயருக்கு நேரே சிவப்பு மை விழுந்ததில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு.

டோக்கன் முறையை நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நெல்லிக்காய் அளவில் ஒரு பேரிங் குண்டும், அது உட்கார ஒரு மரப்பெட்டியும் வைத்துக்கொண்டோம். பெட்டி என் அறையில், மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருக்கும். யாராவது மேஜைக்கு அடியில் போய் வேலை செய்வதாக இருந்தால் குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். பெட்டி காலியாக இருந்தால் சுவிட்சைத் தொடக் கூடாது. குண்டு இருந்தால் போடலாம், ஆளைத் தேடிப் போய்க் கேட்க வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. எடுத்த கைதான் குண்டைத் திரும்பப் போட வேண்டும், வேறு கை போடக் கூடாது. ஊரில் ஸ்டேஷன் மாஸ்டர் என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தது அது.

வீட்டு மெயினில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கபீர் பாய் இந்த ரயிலுக்குத் தனியாக, டிரிப் ஆகாதபடி ஒரு லைன் இழுத்திருந்தார். மின்சாமான் கடைக்காரர் வீட்டில் இப்படி ஒரு வயரிங்கா என்று அதிகாரி கேட்டார். கேட்பது நியாயம்தான். அது ஆபத்து என்று எனக்கும் தெரியும், நானும் சும்மா இருந்தேன்.

போன வருடம் ஒரு தடவை குண்டு அவர் சட்டைப் பையிலேயே இருந்து, துணியோடு வாஷிங் மெஷினுக்குள் போய், மெஷின் உடைந்துவிட்டது. இனிமேல் பையில் குண்டு கிடந்தால் கீழே பெட்டியில் போட்டுவிடு என்று அவர் ஜுபைதா அக்காவிடம் சொன்னார். அப்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். வேறு கை போடக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வீட்டு அம்மாவுக்குச் சட்டம் சொல்ல நான் யார் என்று விட்டுவிட்டேன்.

சம்பவம் நடந்தது ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்று மூன்று மணிக்குக் கபீர் பாய் குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, தன் ஸ்டேஷன் மேஜைக்கு அடியில் லூசாக இருந்த ஒரு பிளக்கைச் சரிசெய்யப் போயிருக்கிறார். அதன் பிறகு அசருக்குப் பாங்கு சொன்னதும் வேலையைப் பாதியில் விட்டு மேலே வந்து, சட்டையை மாற்றித் தொழுதிருக்கிறார். அதன் பிறகு வேறு சட்டையோடு கீழே இறங்கி, பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்து, குண்டு தன்னிடம்தான் இருக்கிறது என்று நம்பி மறுபடியும் மேஜைக்கு அடியில் போயிருக்கிறார். அதன் பிறகு ஜுபைதா அக்கா அழுக்குச் சட்டையில் குண்டைக் கண்டு, கீழே வந்து பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அடுத்த அறையில் மேஜைக்கு அடியில் இருந்தவர் அவர்கள் கண்ணில் படவில்லை. இதெல்லாம் பிறகு விசாரித்துக் கோத்தது, நான் பார்த்ததல்ல.

நான் பார்த்தது இனி வருவது. நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் வீட்டுக்குள் வந்தேன். அன்று பஸ் தாமதம். பேஸ்மெண்ட் படியில் ஜுபைதா அக்கா எதிரே ஏறி வந்தார்கள். "குண்டு சட்டப் பையில கெடந்துச்சு மாயாண்டி, பெட்டியில போட்டுட்டேன். அவுக கீழதான் எங்கயோ இருக்காக" என்றார்கள். நான் "சரிக்கா" என்றேன். அதன் பிறகு கீழே இறங்கிப் பெட்டியில் குண்டு இருப்பதைப் பார்த்தேன். நாலு ஏழுக்கு மெயின் சுவிட்சைப் போட்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை.

நாலு பத்துக்குப் பாசஞ்சரைக் கிளப்பினேன். விளக்கெல்லாம் எரிந்தது, வண்டி அழகாகச் சுரங்கத்துக்குள் போனது. வந்து சேர்ந்ததும் அவர் இரண்டு மணி அடிக்க வேண்டும், அடிக்கவில்லை. நான் மூன்று தடவை மணி அடித்தேன். அதன் பிறகு போனை எடுத்தேன், பதில் இல்லை. மனுஷன் தூங்கிவிட்டார் என்று எரிச்சல் வந்தது. சிவப்பு மையை இன்று நான் எடுக்கப் போகிறேன் என்று நினைத்துச் சிரித்தேன், இதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். நாலு இருபத்தொன்றுக்கு அந்த அறைக்குப் போனேன்.

அவருடைய செருப்பு மேஜை ஓரத்தில் ஜோடியாக இருந்தது. பக்கத்தில் இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரை ஈரமாக இருந்தது. அவர் கையில் பிளக் இருந்தது. நான் அடித்த மணி அவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. பாசஞ்சர் நடைமேடையில் வந்து சரியாக நின்றிருந்தது. பதினான்கு நிமிடம். நான் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன், அதன் பிறகு அவரை இழுத்தேன், அதன் பிறகு என்ன செய்தேன் என்று நினைவில்லை. நான் கத்தினது தெருவரை கேட்டது என்கிறார்கள், என் காதில் விழவில்லை.

எட்டாம் தேதி கொடுத்த வாக்குமூலத்தில், பெட்டி காலியாக இருந்தது, நான் பார்க்காமல் சுவிட்சைப் போட்டேன் என்று சொன்னேன். அதுதான் பொய். குண்டு இருந்தது என்று சொன்னால் போட்டது யார் என்று கேட்பார்கள். கணவரைக் கொன்றது தன் கைதான் என்று அந்த அம்மா ஆயுசு முழுக்க நினைக்க வேண்டாம், ஜெயிலுக்குப் போவது நானாகவே இருக்கட்டும் என்று சொன்னேன். வாரிசுகள் மன்னித்து எழுதிக் கொடுத்தால் எனக்குத் தண்டனை குறையும், கொடுக்காவிட்டால் குறையாது என்று அதிகாரி சொல்லியிருந்தார். தெரிந்தேதான் சொன்னேன்.

நேற்று மதியம் ஜுபைதா அக்கா இந்த நிலையத்துக்கு வந்தார்கள். கணவர் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கும் பெண் வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார்கள். அதனால் அவர்கள் வந்திருக்கிறார்கள் என்று செய்கு முகம்மது சொன்னபோது நான் நம்பவில்லை. பாதி சாத்திய கதவுக்குப் பின்னால் நின்றார்கள், குரல் மட்டும்தான் கேட்டது. சவூதி தம்மாமிலிருந்து வந்த அவர்கள் மூத்த மகன் ஹஸ்னைன் என் முதல் வாக்குமூலத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"பெட்டி காலியா இருந்துச்சுன்னு எழுதிக் குடுத்தியாம்ல. நான் போட்ட குண்டு எங்க போச்சு மாயாண்டி?"

அவர்களே தொடர்ந்தார்கள்.

"குண்டு உள்ள இருந்தா கரண்டு போடலாம்னு அர்த்தமா? இத்தன வருஷத்துல எனக்கு ஒரு ஆளு சொல்லலயே. நீ பொய் சொன்னதாலதான் எனக்கு அதுவே வெளங்குச்சு."

அவர்களிடமிருந்து மறைப்பதற்காகச் சொன்ன பொய்தான் அவர்களிடம் போய்ச் சொல்லியிருக்கிறது.

"என் மேல எரக்கப்பட்டா சொன்ன?"

"ஆமாக்கா."

"கையெழுத்துப் போடாதம்மாங்குறான் மகன். போடுறதும் போடாததும் என் இஷ்டம். ஆனா எத மன்னிக்கிறேன்னு தெரியாம நான் எப்புடிப் போடுவேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. படியில நான் சொன்னப்ப, ஒனக்கு வெளங்குச்சா இல்லயா?"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, காலையில் நான்தான் அதிகாரியைக் கூப்பிட்டேன்.

அந்தக் கேள்விக்கு என் பதில் இது. விளங்கியது. படியில் நின்றபோதே, போட்டது எடுத்த கை இல்லையே, பாய் எங்கே இருக்கிறாரோ, ஒரு குரல் கொடுத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. பெட்டிக்கு முன்னால் நின்று வாயைக்கூடத் திறந்தேன். அப்போது கடிகாரத்தைப் பார்த்தேன். பாசஞ்சருக்கு மூன்று நிமிடம்தான் இருந்தது. வாயை மூடிக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

ஜுபைதா அக்காவுக்காகப் பொய் சொன்னேன் என்று ஐந்து நாளாக நானே நம்பியிருந்தேன். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருப்பதற்காகவும்தான் சொல்லியிருக்கிறேன்.

நான் சொன்னதைச் செய்கு முகம்மது எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டினார். ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை. யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. முதல் வாக்குமூலத்தை ரத்துசெய்து இதையே உண்மையாக ஏற்கவும், மன்னிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் ஜுபைதா அக்காவுக்கு இதைக் கடைசி வரை வாசித்துக் காட்டவும் கேட்டுக்கொள்கிறேன்.

(ஒப்பம்) ஐ. மாயாண்டி