ஷாஃப்ட் இல்லாமல் ஓடிய கார்

வயது முப்பத்து நான்கு. தொழில், வாடகைக் கார் ஓட்டுவது. தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள மாடி வீட்டில் கணவருடனும் மாமியாருடனும் குடியிருக்கிறேன். ஸ்டாண்டில் என்னை 'கியர்' என்று கூப்பிடுவார்கள். இன்று பிற்பகல் மெக்கானிக் ஷெட் இருக்கும் சரிவுத் தெருவில் நடந்தவற்றை விசாரணை அதிகாரி கேட்க, நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது இது. எனக்கு இன்னும் மூச்சு வாங்குவதால் இடையிடையே நிறுத்திச் சொல்கிறேன்.

சம்பவத்தில் சம்பந்தப்பட்ட கார் எங்களுடையது. பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் பழைய வண்டி. காலையில் என் மாமியாரும் அதன் பிறகு நானும் ஓட்டுகிறோம். அவரை நான் அத்தை என்று அழைப்பேன். கொஞ்ச நாளாகவே கியர் மாற்றும்போதெல்லாம் அடியில் டக்கென்று சத்தம் வந்ததால் இன்று ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். உள்ளே இடமில்லாததால் காரைத் தெருவிலேயே இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தோம். மெக்கானிக் அடியில் படுத்து, எஞ்சின் சுற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டைக் கழற்றி எடுத்து, அதன் முனையில் கூட்டல் குறி போல் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டை ஆட்டிக் காட்டினார். அது விழப்போகும் பல் போல ஆடியது. புதிதாக வாங்கி வரச் சொன்னவர், கிரீஸ் ஏற்றுவதற்கு நிப்பிள் என்ற சிறு மூக்கு வைத்ததா, கிரீஸை உள்ளேயே அடைத்து சீல் போட்டதா என்று கேட்டதுதான் தாமதம், எனக்கும் அத்தைக்கும் வாக்குவாதம் மூண்டது.

அத்தை, "தரைப்பாலத்துல தண்ணி ஓடுனா நம்ம வண்டிதான் முதல்ல இறங்குது. உள்ள தண்ணி பூந்தா, நிப்பிள்ல கிரீஸ் கன்னை வச்சு அழுத்துனா அழுக்கெல்லாம் வெளிய வந்துரும். சீல் போட்டதுல எந்த வழியா எடுப்ப?" என்றார்.

நான், "சீல் போட்டது துளை போடாத கெட்டி இரும்பு அத்தை, லேசுல உடையாது. அதுவுமில்லாம கிரீஸ் யாரு வைக்கிறது? நீங்க வச்சிருப்பீங்கன்னு நானும், நான் வச்சிருப்பேன்னு நீங்களும் இருப்போம். ரெண்டு வீட்டுக் கோழி மாதிரி அது பட்டினிதான் கிடக்கும்" என்றேன்.

"உன் வாய்க்குத்தான் முதல்ல சீல் வைக்கணும்" என்று சொல்லிவிட்டு அத்தை காரின் பின்சீட்டில் ஏறி, கதவை அறைந்து சாத்தி, துண்டால் முகத்தை மூடிப் படுத்துக்கொண்டார். சாவி காரிலேயே இருந்தது.

மெக்கானிக் ஷாஃப்டோடு ஷெட்டுக்குள் போக, நான் எதிரே இருந்த உதிரிபாகக் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளைத் திறந்து வைத்தார். ஒன்றில் நிப்பிள் மூக்குத்தி போல நின்றது. மற்றது வழவழவென்று இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது. அத்தைதான் என்மேல் உள்ள கோபத்தை ஆக்சிலரேட்டரில் காட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி உறுமியது.

"உங்க வண்டி போகுதும்மா" என்றார் கடைக்காரர்.

"ஷாஃப்டே இல்லாத வண்டி எப்படிண்ணே போகும்?" என்று சிரித்தபடி திரும்பினேன். கார் போய்க்கொண்டிருந்தது.

ஸ்டியரிங்கில் மஞ்சள் சட்டை போட்ட ஓர் ஆள் இருந்தார். மரக்கட்டை தெருவோரம் கிடந்தது. ஹேண்ட் பிரேக்கையும் அவர் எடுத்துவிட்டதால் கார் இறக்கத்தில் தானாகவே உருண்டது. பெட்டிகளைக் கீழே வைக்கத் தோன்றாமல் கைக்கொன்றாகப் பிடித்தபடியே ஓடினேன். இறக்கத்தின் முடிவில் பேருந்து நிறுத்தம், அதில் நல்ல கூட்டம். மெக்கானிக்கும் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அப்போது பின்சீட்டிலிருந்து அத்தையின் தலை எழும்பியது. அதன் பிறகு ஒரு கை நீண்டு மேற்படி நபரின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தது. "யாருடா நீ? என் மருமக எங்க?" என்ற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. பின்னால் ஆள் இருப்பது தெரியாத மேற்படி நபர் அலறி, கதவைத் திறந்து குதித்துவிட்டார்.

கார் நிற்கவில்லை. நான் சாக்கடையைத் தாண்டியபோது ஒரு பெட்டி நழுவி விழுந்து சிதறியது. நான் நிற்கவில்லை. "அத்தை, பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தினேன். அவர் முன்சீட்டின் மேல் கவிழ்ந்து, கால் இரண்டும் கூரையைத் தொட, ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டே மறு கையால் ஸ்டியரிங்கை ஒடித்தார். கார் கூட்டத்தை விட்டு விலகி, வீடு கட்டும் இடத்தில் கொட்டியிருந்த மணல் மேட்டில் விளக்குகள் மறையும்வரை புகுந்து நின்றது. அதன் பிறகு ஹாரன் விடாமல் அடித்தது. நான் போய்ப் பார்த்தபோது அத்தை இரண்டு கையாலும் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். கன்னமெல்லாம் மணல். "பாத்தியா எப்படி ஒடிச்சேன்னு!" என்றார். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். நான் அவர் கையை ஹாரனிலிருந்து விரல் விரலாகப் பிரித்தெடுத்தேன்.

மேற்படி நபர் முழங்கால் சிராய்த்து, ஓட முடியாமல் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார். "எந்த கியர் போட்டாலும் நகரலியே, வண்டில என்னதான் கோளாறு?" என்று மெக்கானிக்கிடமே கேட்டார். மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் ஷாஃப்டைத் தோளில் தூக்கி வந்து காட்டியதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரை இந்தக் காவல் நிலையத்தில் காட்டியபோது நான் அடையாளம் சொன்னேன்.

என் கையில் எஞ்சியிருந்தது நிப்பிள் வைத்த ஜாயின்ட். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, நீ சொன்னதையே வாங்கிப் போடலாம்" என்றார். நான், "வேணாம் அத்தை, தண்ணில இறங்குற வண்டி. இதுவே இருக்கட்டும், கிரீஸ் நானே வைக்கிறேன்" என்றேன். இந்த வாக்கியத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று அத்தை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டதால் சேர்க்கப்பட்டது.

வழக்குக்காகக் காரை இங்கே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அனுமதி கிடைக்கும்வரை அதைத் தொடக்கூடாது என்று அதிகாரி சொன்னது எனக்குப் புரிந்தது. இப்போது நிலைய முற்றத்தில் அந்தக் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு கால்களில் இரண்டு மெக்கானிக்குடையவை, மற்ற இரண்டு என் அத்தையுடையவை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் கண்டதும் கேட்டதும் சொன்னதும் இவைதான், கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)