பயந்த பிள்ளையும் பீதியடைந்த பொதுமக்களும்

2003ஆம் வருடம் ஆகஸ்டு மாதம், விருத்தாசலத்தில் நீதித்துறை நடுவர் அவர்கள் முன்னிலையில், சாட்சி தாமாகவே முன்வந்து சொல்லப் பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் பூங்கோதை. வயது 41. கணவர் பெயர் அன்புச்செல்வன். விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். தனியார் பள்ளியொன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். குழந்தைகள் இல்லை. என்னை யாரும் மிரட்டி இங்கே அனுப்பவில்லை. மிரட்டுவதற்கு ஆள் அனுப்பும் அளவுக்கு எங்களுக்கு யாரையும் தெரியாது.

என் கணவர் பீங்கான் பொம்மை செய்யும் கம்பெனியில் சூளை பார்க்கிறார். இவ்வழக்கின் முதல் எதிரி விருத்தகிரி அதே சூளையில் உதவியாள். கோடையில் கிணறு வெட்டும் குழுவோடு சேர்ந்து பாறைக்கு வெடி வைக்கப் போவார். எங்கள் வீட்டுக்கு அவ்வப்போது வருவார். என்னை அண்ணி என்பார்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, என் கணவர் இரவு ஷிப்டு முடித்து வந்து குளித்துக்கொண்டிருந்தபோது விருத்தகிரி சைக்கிளில் வந்தார். "அண்ணன் இருக்குதா அண்ணி?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். அதன் பிறகு அவர் உள்ளே வராமல் வாசல் குழாயில் வெகுநேரம் கை கழுவினார். சூளை வேலை செய்பவர்கள் கை கழுவ அவ்வளவு நேரம் ஆகும் என்பதால் எனக்கு வித்தியாசமாகத் தோன்றவில்லை. அதன் பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்ததால் இல்லை என்று பொருள் கொண்டு பழைய சோறும் மோரும் வெங்காயமும் வைத்தேன். சோறு போட்டது நான். வழக்கில் "அன்புச்செல்வன் உணவளித்து" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சோற்றுப் பானை எந்தப் பக்கம் இருக்கிறது என்பது என் கணவருக்குத் தெரியாது.

படுக்க இடம் கொடுத்தது அவர்தான். தன் தலையணையை விருத்தகிரிக்குக் கொடுத்துவிட்டு, என் பழைய புடவையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் படுத்தார். மாலையில் விருத்தகிரி எழுந்து முகம் கழுவி, "போயிட்டு வரேன் அண்ணி" என்றார். போய் வா என்றேன். பெண்ணாடம் போக வேண்டும் என்றதால் என் கணவர் கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு, திரும்பும்போது எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்தார். ஒரு பயங்கரவாதியைத் தப்பவைத்துவிட்டு வருகிறவர் பெண்டாட்டிக்குப் பூ வாங்குவாரா என்று பின்னால் நான் விசாரணை அதிகாரியிடம் கேட்டேன். சந்தேகம் வராமலிருக்க வாங்கியிருப்பார் என்றார். கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் பூ வாங்கி வருகிறார். இப்போது அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் சந்தேகத்துக்குரியவை ஆகிவிட்டன.

விளக்கேற்றும் நேரத்தில் பக்கத்து வீட்டு வீரம்மாள் வந்து, மங்கலம்பேட்டை போகும் வழியில் வயலுக்கு நடுவே இருந்த கொல்லை வீடு ஒன்று அன்று விடியலில் வெடித்து உள்ளேயிருந்த ஆறு பேரும் இறந்துபோனதாகவும், அது விருத்தகிரியின் அண்ணன் கொளஞ்சிநாதனின் வீடு என்றும், கிணற்றுத் தண்ணீர்ப் பங்கில் அண்ணன் தம்பிக்குப் பல வருடமாகத் தகராறு என்றும், வெடி வைத்தது தம்பிதான் என்றும் சொன்னார். இறந்தவர்களில் கொளஞ்சிநாதனின் மகள் யுவஸ்ரீ என் வகுப்பு மாணவி. அவள் இடத்தில் யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று அவளுடைய சிநேகிதி கனகா இன்றைக்கும் அங்கே தன் பையை வைக்கிறாள். நான் எடுக்கச் சொல்லவில்லை.

அதைக் கேட்டு என் கணவர், விருத்தகிரி சாப்பிட்ட பின் கழுவாமல் கிடந்த தட்டைத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார், போலீசாருக்கு வேண்டியிருக்கும் என்றார். அதன் பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "நம்ம வூட்டுக்கு வந்துட்டுப் போனான்னு ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன், மாவு இருந்தா ரெண்டு தோசை ஊத்தி வையி" என்று சொல்லிப் போனார். இன்றுவரை வரவில்லை. விருத்தகிரியை மறுநாள் காலை பெண்ணாடம் பேருந்து நிலையத்தில் பிடித்தார்கள். இறங்கிய இடத்திலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அதன் பிறகு இது கொலை வழக்கு அல்ல, பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் வரும் வழக்கு என்று சொல்லப்பட்டது. கொலை வழக்கு என்றால் கொன்றவரோடு போய்விடும் என்றும், பயங்கரவாதம் என்றால் இடம் கொடுத்தவர், வழியனுப்பியவர் எல்லோரும் உள்ளே என்றும், ஜாமீன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் எங்கள் வழக்கறிஞர் விளக்கினார். ஆகவே எனக்கு இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருப்பது என் கணவர்.

நான் விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக உட்காரச் சொன்னார். ஆறு பேர் இறந்தாலும் அறுபது பேர் இறந்தாலும் எண்ணிக்கையால் மட்டும் கொலை பயங்கரவாதம் ஆகிவிடாது, பொதுமக்களிடம் பீதியை உண்டாக்கும் நோக்கம் வேண்டும் என்றார். நான், அப்படியானால் கொலைக்கு இரண்டாம் வேற்றுமை போதும், யாரை என்று கேட்டால் முடிந்துவிடும், பயங்கரவாதத்துக்கு நான்காம் வேற்றுமையும் வேண்டும், செத்தவர்களைத் தவிர வேறு யாருக்கோ சேதி போக வேண்டும், விருத்தகிரி யாருக்குச் சேதி அனுப்பினார் என்று கேட்டேன். அவர், "டீச்சர், எட்டாவதுல இதுலதான் எனக்கு மார்க்கு போச்சு" என்றார். அதன் பிறகு, சேதி போயிருக்கிறது, உங்கள் தெருவே பீதியில் இருப்பதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள் என்றார்.

அந்தச் சாட்சிகளை நான் அறிவேன். விருத்தகிரி எங்கள் வீட்டில் படுத்திருந்தார் என்று தெரிந்ததும், அற்பாயுசில் போன ஆறு பேரும் கொன்றவனைத் தேடிக்கொண்டு இந்தத் தெருவுக்கு வருவார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. வீரம்மாளின் சின்ன மகளுக்கு ஜுரம் வந்தது. எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காரணமில்லாமல் ஜுரம் வந்தால் பயந்துகொண்டது என்பார்கள். மந்திரித்தால் சரியாகும். அவர் மகளை மங்கலம்பேட்டை பள்ளிவாசலுக்கு அழைத்துப் போய் ஓதி ஊதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்து அழைத்து வந்தார். மறுநாள் ஜுரம் விட்டது. அதற்கடுத்த நாள் காவலர் ஒருவர் வந்து யாராவது பயந்தீர்களா என்று விசாரித்தபோது வீரம்மாள் சொன்னது இதுதான். பக்கத்தில் நான் இருந்தேன். "ஆமாங்க, புள்ள பயந்துகிச்சுங்க, மங்கலம்பேட்டைக்குக் கூட்டிட்டுப் போனங்க." இது வழக்கில் "பொதுமக்கள் பெரும் பீதிக்குள்ளாகித் தங்கள் குழந்தைகளை வெளியூர்களுக்கு அனுப்பிவைத்தனர்" என்று ஏறியிருக்கிறது. எழுதியவர் பொய் எழுதியதாக நான் சொல்லவில்லை. நல்ல தமிழில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பிள்ளை பயந்தது செத்தவர்களைக் கண்டு. செத்தவர்களை எதிரியாகச் சேர்க்கச் சட்டத்தில் இடமிருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆறு பேரைக் கொன்றதை நான் சிறிதாக்கிச் சொல்ல வரவில்லை. இதைச் சொல்லக் காரணம், சென்ற வாரம் பெரியம்மாள் என்பவர் என்னைப் பார்க்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வந்தார். கொளஞ்சிநாதனுக்குத் தங்கை, விருத்தகிரிக்கு அக்காள், இருவருக்கும் நடுவில் பிறந்தவர். நான் வழக்கை மாற்றச் சொல்லி அலைவதைக் கேள்விப்பட்டு, "அப்ப எங்கண்ணன் வூட்டோட செத்தது வெறும் கொலைன்னு ஆயிடுங்களா டீச்சர்?" என்று கேட்டார். வெறும் கொலை என்று ஒன்று கிடையாது என்று சொன்னேன். பெரிய சொல்லைப் போட்டால் செத்தவர்களுக்குப் பெரிய மரியாதை என்று அவர் நினைத்திருக்கிறார். அதில் தவறில்லை. மிச்சமெல்லாம் போன பிறகு சொல் ஒன்றுதான் கேட்டு வாங்கக் கூடியதாக இருக்கிறது. அதன் பிறகு அவர் வெகுநேரம் எழுந்திருக்காமல் இருந்து, "இங்கதான் சோறு தின்னான்னு சொல்றாங்க. தின்னானுங்களா?" என்றார். சாப்பிட்டார் என்றேன். "எத்தினி வாட்டி வாங்கிகிட்டான்?" ஒரு முறைதான், மறுசோறு வேண்டாம் என்றுவிட்டார் என்றேன். "மறுசோறு வாங்காம எழுந்திரிக்க மாட்டானே" என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அண்ணனுக்காக அழுதாரா தம்பிக்காக அழுதாரா என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸுக்குப் புறப்படும்போது, "உங்க வூட்டுக்காரரு மேல எனக்கு ஒண்ணும் இல்லீங்க, கோர்ட்டுல கேட்டா சொல்றேன்" என்றார்.

நேற்று முன்தினம் கடலூர் சிறையில் என் கணவரைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். தீபாவளிக்கு ஊசிவெடி வெடித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய் நிற்பவர் அவர். அங்கே கூட இருப்பவர்கள் அவரை "பாம்" என்று கூப்பிடுகிறார்களாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். சூளையை இப்போது யார் பார்க்கிறார்கள் என்று விசாரித்தார். அதன் பிறகு, "தலைக்கு என்ன வெச்சிப் படுக்கறீங்க?" என்று கேட்டேன். "கையத்தான்" என்றார்.

ஆகவே நடுவர் அவர்கள் முன் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. என் கணவர் செய்தது என்று சொல்லப்படும் காரியத்தில் சோறு போட்டது நான், தட்டு எடுத்தது நான், போய் வா என்று சொன்னதும் நான். இது பயங்கரவாதம் என்றால் என்னையும் சேர்க்க வேண்டும். இல்லை என்றால் அவரை விட வேண்டும். இதைச் சொன்னபோது எழுதிக்கொண்டிருந்த எழுத்தர் பேனாவை நிறுத்தி, "ரெண்டு பேரையும் ஒரே ஜெயில்ல வைக்க மாட்டாங்கம்மா, பொம்பளைங்களுக்கு வேலூரு" என்றார். அவர் நல்ல மனதோடு சொன்னதால் அதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன்.

உங்களுக்குப் பீதி உண்டானதா என்று நடுவர் அவர்கள் கேட்டதற்கு, தோசை ஊற்றி வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்கு உண்டானது என்றும், வேறெப்போதும் இல்லை என்றும் சொல்கிறேன்.

வெளியே பெஞ்சில் நான் கொண்டுவந்த பை இருக்கிறது. அதில் எனக்கு மாற்றுப் புடவை இரண்டும், அவர் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வர ஒரு சட்டையும் வேட்டியும் இருக்கின்றன. எந்தப் பக்கம் உத்தரவானாலும் மறுபடி வீட்டுக்குப் போய் எடுத்து வர வேண்டியதில்லை.

மேலே கண்டவை எனக்குப் படித்துக் காட்டப்பட்டன. இரண்டு இடத்தில் ஒற்றுப்பிழை திருத்தினேன். மற்றபடி எல்லாம் நான் சொன்னபடியும் நடந்தபடியும் உள்ளது.

(ஒப்பம்) அ. பூங்கோதை