நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்

ராத்திரி ஒன்பது மணி. மழை விட்ட சாலை... ஒரு நாய்கூட இல்லை. என் சிநேகிதன் மாவு மில்காரன் ஸ்கூட்டரில் மாமனாரைத் தேடிப் போகிறான். ஏழு மணிக்கு வகுப்பு முடிந்தவர் இன்னும் வீடு திரும்பவில்லை.

எழுபது வயதில் என்ன வகுப்பு என்கிறீர்களா? கேளுங்கள். மாமனார் ஓய்வுபெற்ற ஜவுளி வியாபாரி. மீட்டருக்கு ஒரு விரல் துணியைக் கண்ணெதிரிலேயே மிச்சம் பிடிக்கிற கை. அந்தக் கைக்கு, மனைவி சமையலறையில் சுருண்டு விழுந்தபோது மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. விசிறினார். தண்ணீர் தெளித்தார்... அவ்வளவுதான், அந்தம்மாள் போய்விட்டார்.

அதன்பிறகுதான் நூலகத்தின் பின்னறையில் நடக்கும் முதியோர் கற்றல் குழுவில் சேர்ந்தார். அங்கே முதலுதவிப் பாடம். ஓய்வுபெற்ற நர்ஸம்மா நடத்தினார். தரையில், நெஞ்சுக்குள் ஸ்பிரிங் வைத்த ஒரு ரப்பர் பொம்மை, விலை படியாத வாடிக்கைக்காரர் மாதிரி விழித்துக்கொண்டு கிடக்கும். தோளைத் தட்டிக் கூப்பிட வேண்டும், பிறகு நெஞ்சை அழுத்த வேண்டும்.

“நிறுத்தவே கூடாது. கை ஓஞ்சா பக்கத்துல இருக்கறவங்க மாத்தி விடணும்” என்பார் நர்ஸம்மா.

மற்றவர்கள் பொம்மையை “ஹலோ, சார்” என்று கூப்பிட்டார்கள். மாமனார் மனைவியின் செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

“நீங்களும் வாங்க மாப்ள, இதுக்கு ரெண்டு பேர் வேணும்” என்று ஒருநாள் கெஞ்சினார்.

“போன பஸ்ஸுக்கு இப்ப எதுக்கு மாமா டிக்கெட்டு?” என்று இவன் சிரித்தான்.

நூலக வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே போனான். பின்னறையில் விளக்கில்லை. உள்ளே ஸ்பிரிங் அமுங்கும் சத்தம்... க்ரிச்... க்ரிச்... கதவைத் தள்ளினான். தலைவலித் தைலத்தின் வாசனை. மாமியார் பூசிக்கொண்டிருந்த அதே தைலம்.

செல்போன் வெளிச்சத்தில் மாமனார் முட்டி போட்டு அழுத்திக்கொண்டிருந்தார். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“மூச்சு வந்துடுச்சு மாப்ள! என் கை ஓஞ்சு போச்சு... மாத்துங்க!”

“பொம்மை மாமா அது. எந்திரிங்க.”

அக்குளில் கைகொடுத்து இழுத்தான். தடுமாறியதில் அவன் உள்ளங்கை பொம்மையின் நெஞ்சில் ஊன்றியது.

வெதுவெதுப்பு.

அடியில் ஒரு துடிப்பு. யாரும் அழுத்தவில்லை... இன்னொரு துடிப்பு.

எங்கே, எப்படி அழுத்துவதென்று அவனுக்குத் தெரியாது. மாமனார் கையைத் தூக்கப் பார்த்தார். எழவில்லை. துடிப்பு மெலிந்தது... விட்டு விட்டு வந்தது... நின்றது. தைல வாசனையும் போய்விட்டது.

மாமனார் அழவில்லை. “ரெண்டாவது தடவை” என்றார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது; இன்றுவரை வாய் திறக்கவில்லை.

மறுநாள் நர்ஸம்மா அவனுக்குப் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை. ஒரே ஒரு சந்தேகம்தான்.

“ரப்பர்ல வார்த்த கண்ணுப்பா அது... யாரு மூடி விட்டது?”