லென்ஸில் வைத்த பொட்டு

கொஞ்சம் பொறுங்க... இந்தப் புள்ளிவிவரத்தை எல்லாம் ஓரமா வெச்சிட்டு ஒரு சின்னக் கதை சொல்றேன். சிரிப்பா இருக்கும். ஆனா சிரிச்சு முடிச்சப்புறம் உங்களுக்கு ஆத்திரம் வரலைன்னா, நான் இப்படியே மேடையை விட்டு இறங்கிடறேன்!

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். பேர் வேண்டாம். சனிக்கிழமை அறிவியல் மன்றம் ஆரம்பிக்கிறாங்க. வகுப்புக்கு வெளியே, பிள்ளைங்க தங்களோட கையாலேயே செஞ்சு பார்த்துப் படிக்கணுமாம். நல்ல விஷயமா இல்லையா? நல்ல விஷயம்! தொடங்கி வைக்க யாரைக் கூப்பிட்டாங்க? என்னைத்தான்.

மேஜை மேல புத்தம் புது மைக்ராஸ்கோப். மாலை போட்டு, சூடம் காட்டி, சந்தனம் குங்குமம் வெச்சு, ஜோரா நிக்குது. நம்ம வழக்கம், அதுல தப்பே இல்லை.

முதல்ல நான் குனிஞ்சு பார்த்தேன். ஒரே இருட்டு! தலைமையாசிரியர் பக்கத்துல நின்னு, "எப்படி இருக்கு சார்?"ன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அருமை! அற்புதம்!"

சிரிங்க, நல்லாச் சிரிங்க...

அப்புறம் பிள்ளைங்க வரிசை. குனியணும், ஒரு போட்டோ, அடுத்த ஆள். நாப்பது பிள்ளைங்க! தலைமையாசிரியர் ஒவ்வொருத்தரையா கேட்கிறார், "என்னடே தெரியுது?" "வெங்காயத் தோல் தெரியுது சார்! செங்கல் அடுக்குன மாதிரி செல் தெரியுது சார்!" புஸ்தகத்துல இருக்கிற வரி, ஒரு எழுத்து மாறாம!

நாப்பத்தொண்ணாவதா, கடைசியா ஒரு பொண்ணு. இசக்கியம்மான்னு பேரு, ஏழாம் வகுப்பு. குனிஞ்சா... நிமிரவே இல்லை.

"சார், ஒண்ணும் தெரியல சார். கருப்பா இருக்கு."

"ஏட்டி, ஒழுங்காப் பாரு! எல்லாருக்கும் தெரியுதுல்லா?"

"நெசமாவே தெரியல சார்."

சொல்லிட்டு என்ன பண்ணினா? தலையைச் சாய்ச்சு அடியில பார்த்தா. "சார், லென்ஸ்ல பொட்டு வெச்சிருக்கு சார்!" ஆமாங்க! பூஜை போட்ட மகராசன் லென்ஸ் மேலயே சந்தனத்தை அப்பி வெச்சிருக்கான்! அவ துப்பட்டா நுனியால மெதுவா அதைத் துடைச்சா.

அவ்வளவுதான். தலைமையாசிரியருக்கு வந்ததே கோபம்!

"கையை எடு! பொருளைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? உடைஞ்சா உங்க அப்பனா வந்து பதில் சொல்லுவான்? இனி சனிக்கிழமை இந்தப் பக்கமே வரக்கூடாது. போ!"

கேட்டீங்களா அநியாயத்தை? கையால செஞ்சு படிக்கிற மன்றம்! அதுல கை வெச்ச ஒரே பிள்ளை அவ... அவளுக்கு இடம் இல்லை!

"சார்... ஒரே ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன் சார்..." தேம்பித் தேம்பி அழுதா. விடலைங்க. மைக்ராஸ்கோப்பைப் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க.

நான் என்ன பண்ணினேன்? வாயே திறக்கலை. முதல் பொய் சொன்னவனே நான்தானே, எந்த முகத்தை வெச்சுக்கிட்டுப் பேசறது? மத்த நாப்பது பேருக்கும் என் கையாலேயே சான்றிதழ் கொடுத்துட்டு வந்தேன். இப்ப நினைச்சாலும் கூசுது.

பெத்தவங்களே, வாத்தியாருங்களே, உங்களைத்தான் கேட்கிறேன்! அந்த நாப்பது பிள்ளைங்களுக்கு என்ன கத்துக் கொடுத்தோம்? அறிவியலா? பெரியவங்க எதைக் கேட்க ஆசைப்படறாங்களோ அதைச் சொல்லித் தப்பிச்சுக்கோன்னு கத்துக் கொடுத்தோம்! நாளைக்கு அதுல ஒருத்தன் டாக்டர் ஆவான். உங்க ஸ்கேனைப் பார்த்துட்டு, ஒண்ணும் புரியாமலே "எல்லாம் தெரியுது"ம்பான். அப்ப யாரைத் திட்டுவீங்க?

கை படக்கூடாதுன்னா மன்றம் எதுக்கு? போட்டோவுக்கா? உடைஞ்சா உடையட்டும்! உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பீரோவைத் திறக்கச் சொல்லுங்க. ஒரு பிள்ளை "தெரியலை"ன்னு சொன்னா அதட்டாதீங்க. நீங்க ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.

அந்தப் பொண்ணு என்னங்க கேட்டா? ஒரு வெங்காயத் தோலைப் பார்க்கணும்னு கேட்டா... அதுக்கா அந்தப் பிள்ளையை அழ வெச்சு அனுப்பினோம்?